தரவு ஓடாத கேபிள்கள்

நெட்வொர்க் ஸ்விட்சை ரேக்கில் பொருத்தியதும் எல்லார் கவனமும் தரவு போர்ட்டுகள் மேலேயே இருக்கிறது. பவர் கேபிளும் மேனேஜ்மென்ட் கேபிளும் கைக்கு எட்டிய துளையில் செருகப்படுகின்றன. பயனாளரின் தரவு இவற்றில் ஓடுவதில்லை என்பதால் வந்த அலட்சியம் இது. உண்மையில் மற்றவை எல்லாம் செயலிழந்த நேரத்தில் உழைக்க வேண்டியவை இவைதான். ஆகவே மற்ற எதையும் சார்ந்திராமல் இருப்பதே இவற்றின் முதல் தகுதி என்பேன். இரண்டு பவர் சப்ளை உள்ள ஸ்விட்சில் இரண்டு கம்பிகளையும் ஒரே பி.டி.யு.வில் (ரேக்கின் மின் பகிர்வுப் பட்டையில்) செருகினால், சப்ளை பழுதுக்கு மட்டுமே அது காப்பு. பிரேக்கர் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே அணையும். முன்னால் எரியும் பச்சை விளக்குகள் இதைக் காட்டிக்கொடுக்கமாட்டா. தனித்தனி பி.டி.யு. என்றாலும் இரண்டும் பாதிக்கு மேல் சுமந்திருந்தால், ஒன்று அணைந்ததும் முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழும். அதன் பிரேக்கரும் தாங்காது.

மேனேஜ்மென்ட் கேபிளில் இந்தத் தவறு இன்னும் ஆழமானது. கன்சோல் போர்ட்டுக்கு ஐ.பி. முகவரியே வேண்டாம், பெரும்பாலும் 9600 பாட் வேகத்தில் இயங்கும் பழைய சீரியல் இணைப்பு அது. மேனேஜ்மென்ட் ஈதர்நெட் போர்ட்டுக்கோ ஒரு நெட்வொர்க் வேண்டும். தான் சரிசெய்ய வேண்டிய நெட்வொர்க்கிலேயே அதையும் இணைத்துவிட்டால் விபத்து நாளில் அது பயன்படாது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனச் சேவை முடங்கியபோது நடந்தது இதுதான்: மேனேஜ்மென்ட் நெட்வொர்க் மைய நெட்வொர்க்கைச் சார்ந்திருந்ததால், பொறியாளர்களால் தங்கள் ரவுட்டர்களையே உடனே எட்ட முடியவில்லை. தனிப் பாதை என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதை 2021 அக்டோபர் 4 காட்டியது. அன்று ஃபேஸ்புக் சேவை முடங்கியபோது அதன் மாற்றுப் பாதையும் சேர்ந்தே விழ, ஆட்களை டேட்டா சென்டருக்கு நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று.

தனி நெட்வொர்க் என்றால் செலவு, கூடவே திருடனுக்கு இன்னொரு வாசல் என்பார்கள். இரண்டாவது கவலை நியாயமானது. அந்த வாசலுக்குக் கடுமையான பூட்டு வேண்டும்தான். ஆனால் திருடனுக்குப் பயந்து வாசலையே அடைத்துவிட முடியாது. செலவு விஷயத்தில் சிறிய அலுவலகத்திடம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ரேக்கிலேயே ஒரு கன்சோல் கேபிளும், ஒரு பவர் கம்பி யு.பி.எஸ்.ஸிலும் மற்றது வேறு மின்சுற்றிலும் என்ற ஏற்பாடும் போதும். இருக்கிற ஸ்விட்சிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு கம்பியும் எந்த பிரேக்கரில் முடிகிறது என்று தேடிப் பார்த்து, கம்பியின் இரு முனைகளிலும் எழுதி ஒட்டுங்கள். பராமரிப்புக்கென ஒதுக்கிய நேரத்தில் ஒரு பவர் கம்பியைக் கழற்றிச் சோதியுங்கள்.