பிறந்தநாள்களுக்கு இடையே ஒரு பயணம்

என் தந்தையாரிடம் நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று உண்டு. மாணவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சி ஏட்டைப் போன்றது. என் அலமாரியிலிருந்தே அது போயிருக்கவும் கூடும், நான் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தார் அனைவருடைய பிறந்தநாள்களும் அதில் எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் இரண்டு நாள்கள் இருக்கும். ஒன்று ஆங்கிலத் தேதி. மற்றொன்று நட்சத்திரப் பிறந்தநாள்.

ஆங்கிலத் தேதி அசையாது. நட்சத்திரப் பிறந்தநாளோ, பிறந்த தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான். எனவே அது ஆண்டுதோறும் இடம் மாறும். சில ஆண்டுகளில் ஒரே மாதத்தில் அதே நட்சத்திரம் இரு முறை வந்து குழப்பத்தையும் உண்டாக்கும். (பின்னதைக் கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.) ஆண்டு முடியும் தறுவாயில் சிராங்கூன் சாலைக் கடைகளில் புதிய நாட்காட்டிகள் தொங்கத் தொடங்கியதும் அப்பா ஒன்றை வாங்கி வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குறிப்பேட்டைத் திருத்தி எழுதுவார். தேதியன்று அணிச்சல் வெட்டுதல். நட்சத்திரத்தன்று வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை. இரண்டிலும் தாத்தாவும் பாட்டியும் இருந்தாக வேண்டும். பேரப்பிள்ளைகள் ஐவர் என்றால் பத்து நாள்கள் ஆயிற்று. மகன், மகள், மருமகள், மருமகன், சம்பந்தி வீட்டார் என்று கூட்டிக்கொண்டே போனால், ஓய்வு பெற்ற மனிதருக்கு ஓய்வு எங்கே இருக்கிறது?

அப்பா ஓட்டுநராக வாழ்ந்தவர். இளமையில் துறைமுகச் சரக்குந்து, பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிப் பேருந்து. 2020 ஏப்ரலில் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது பேருந்தை நிறுத்தியவர், பள்ளிகள் திறந்த பிறகும் திரும்பிச் செல்லவில்லை. அப்போது அவருக்கு வயது 66. இனி ஆண்டு முழுவதும் உங்களுடையதுதானே, எங்கு வேண்டுமானாலும் போகலாமே என்று நாங்கள் சொன்னோம். அவர் குறிப்பேட்டைப் புரட்டி, இங்கே ஒன்பது நாள் இருக்கிறது, அங்கே பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று இடைவெளிகளை எண்ணத் தொடங்கினார். அந்த இடைவெளிகளிலும் ஆசிரியையான நான் உடன் வர வேண்டுமென்றால் பள்ளி விடுமுறையாக இருக்கவேண்டும். விமானக் கட்டணம் குறைவாக உள்ள மாதங்களை எல்லாம் விட்டுவிட்டு, கூட்டம் நெரியும் ஜூனிலும் டிசம்பரிலும்தான் நாங்கள் பயணம் செய்திருக்கிறோம். பணியிலிருந்து விடுபட்ட பிறகும் அப்பாவைப் பள்ளிக்கூட மணி விடவில்லை!

கேம்பர்வேன் ஆசை எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல இயலவில்லை. என்னுடன் பணியாற்றும் தோழி ஒருவர் நியூசிலாந்தின் தென்தீவில் எடுத்த படங்களை வீட்டில் காட்டிக்கொண்டிருந்தேன். படுக்கையும் அடுப்பும் கழிவறையும் உள்ள வண்டி, ஏரிக்கரையில் நிற்கிறது. அப்பா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். நம் தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர். மிக நீளமான தீவு விரைவுச்சாலையே 43 கிலோமீட்டர்தான். ஐம்பது ஆண்டுகள் வண்டி ஓட்டிய மனிதர், சாலை முடியாமல் ஒருநாள் முழுவதும் ஓட்டியதே இல்லை. இதை அவர் சொல்லவில்லை. நானாகத்தான் பின்னர் எண்ணிப் பார்த்தேன்.

கேரவன் என்றதும் நம்மவர் பலருக்குத் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அம்மாவும் அப்படித்தான் நினைத்து, "எனக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்று வெட்கப்பட்டார். உண்மையில் கேரவன் என்பது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு. தானே ஓடுவது கேம்பர்வேன். அச்சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. கூட்டமாகச் செல்லும் வணிகரைக் குறித்தது. தமிழில் அதற்குச் 'சாத்து' என்னும் நல்ல சொல் இருந்தது. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலேயே அது நிற்கிறது. இதை நான் விளக்கியபோது என் மூத்த மகன், "அப்போ தாத்தாதான் மாசாத்துவான்" என்றான். வகுப்பில்கூட எனக்கு இப்படியொரு பதில் கிடைத்ததில்லை.

2024ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் அப்பா ஓர் இடைவெளியைச் சுட்டிக்காட்டினார். நவம்பர் 20 என் இளைய மகனின் பிறந்தநாள். டிசம்பர் 4 அண்ணன் மகளின் நட்சத்திரம். டிசம்பர் 5 அப்பாவின் 71ஆவது பிறந்தநாள். ஆகவே 22 இரவு புறப்பட்டு 3ஆம் தேதி திரும்பவேண்டும். பள்ளியில் எனக்கு ஆண்டிறுதிப் பணிகள் இருந்தன. டிசம்பர் நடுவில் போகலாமே என்று மன்றாடினேன். "என் பிறந்தநாளுக்கு முன்னாடியே போயிட்டு வந்திடணும்" என்றார். பேரப்பிள்ளைகளோடு கொண்டாட விரும்புகிறார் என்று எண்ணிக்கொண்டேன். தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பணிகளை முன்கூட்டியே முடித்தேன். அப்பா, அம்மா, கணவர், மகன்கள் இருவர், நான் என ஆறு பேர். ஆறு பேர் உறங்கும் வண்டி. அப்பாவும் கணவரும் ஓட்டுநர்கள்.

இனி எங்கள் வீரதீரச் செயல்கள்.

கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் உணவுப் பொருள்களை அறிவிக்காமல் கொண்டுசென்றால் 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். எனவே அம்மாவின் பையில் இருந்த அனைத்தையும் படிவத்தில் எழுதினோம். கடைப் பொட்டலத்தில் இருந்த மசாலைத் தூள்கள் தப்பின. முதல்நாள் தேக்காச் சந்தையில் வாங்கிய கறிவேப்பிலை தப்பவில்லை. அதிகாரி மிகுந்த மரியாதையோடுதான் அதை எடுத்துக் குப்பைப் பெட்டியில் இட்டார். அம்மா அடுத்த பதினொரு நாளும் ஒவ்வொரு குழம்பின்போதும் அந்தக் கறிவேப்பிலைக்கு இரங்கல் தெரிவித்தார்.

வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர் அரைமணி நேரம் விளக்கினார். எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டினோம். முதல் வட்டச் சந்திப்பில் திரும்பியதும் மேலடுக்கின் கதவுகள் திறந்து தட்டுகளும் டம்ளர்களும் பருப்புப்பொடியும் எங்கள்மீது பொழிந்தன. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் கதவுகளைத் தாழிட வேண்டுமாம். அன்றிரவு சாலையோரத்தில் அரிசி களைந்து மின்குக்கரில் வைத்துவிட்டு ஒருமணி நேரம் காத்திருந்தோம். அரிசி அப்படியே இருந்தது. வண்டியின் விளக்குகள் உள்ளிருக்கும் மின்கலத்தால் எரியும். சுவரில் உள்ள மின்செருகிகளோ, முகாம் இடத்தில் கம்பி வழியாக வெளி மின்சாரத்தை இணைத்தால் மட்டுமே இயங்கும். இந்தப் பாடத்தை மிகவும் நன்றாகக் கற்றுக்கொண்ட என் கணவர், மறுநாள் முகாமில் கம்பியை இணைத்தார். அதற்கு மறுநாள் காலை கம்பியைக் கழற்றாமலே வண்டியைக் கிளப்பினார். பக்கத்து வண்டிக்காரர் இரவு உடையிலேயே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்திராவிட்டால் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு போயிருப்போம்.

அம்மா கடுகு தாளித்தார். புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. நான்கு வண்டிகளிலிருந்து மக்கள் இறங்கினார்கள். அதன் பிறகு கடுகு, அம்மாவின் ஆணைப்படி, நாடு திரும்பும் வரை பொட்டலத்திலேயே இருந்தது. கழிவறைப் பெட்டியை யார் வெளியே எடுத்துச் சென்று கொட்டுவது என்னும் விவாதத்தை இங்கே எழுதப்போவதில்லை. அப்பாதான் செய்தார், ஒரு சொல்லும் பேசாமல்.

டெக்கபோ ஏரிக்கு அம்மா 'தேக்கா ஏரி' என்றே பெயர் சூட்டிவிட்டார். நீர் பால் கலந்த நீலம். பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவரும் நுண்ணிய தூள் நீரில் மிதப்பதால் அந்த நிறம். கரையெங்கும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூபின் பூக்கள். அம்மா விளக்கேற்றப் பொழுது சாயக் காத்திருந்தார். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியளவில் கதிரவன் மறைந்துவிடும். அங்கே நவம்பர் இறுதியில் ஒன்பது மணிக்குத்தான். லிட்டில் இந்தியாவில் வாங்கிய, மின்கலத்தில் எரியும் அகல்விளக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் உறங்கிப்போனார். 3,724 மீட்டர் உயரமுள்ள அவுராக்கி மலையைப் பார்த்துவிட்டு, 164 மீட்டர்கூட எட்டாத நம் புக்கிட் தீமாக் குன்றை இனி மலை என்று சொல்லமாட்டேன் என்றான் இளையவன்.

அப்பா அந்த நாள்களில் ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். அங்கும் இடப்புறம்தான் ஓட்டவேண்டும் என்பதால் பழக்கச் சிக்கல் இல்லை. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்கபோ வரையான சுமார் 230 கிலோமீட்டரில் அவர் வாய் திறந்து பேசியது நான்கைந்து சொற்கள் இருக்கலாம். முகத்தில் மட்டும் ஓர் ஒளி. வெயில் இருந்தவரை அப்படித்தான்.

ஆறாம் நாள், வானகாவிலிருந்து ஹாஸ்ட் கணவாயை நோக்கிச் சென்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் ஒற்றைத் தடப் பாலங்கள் உண்டு. ஒருவர் போகும்போது எதிரில் வருபவர் நின்றாக வேண்டும். பாலத்துக்கு முன் ஒரு பலகை. அதில் எந்தத் திசைக்குச் சிறிய சிவப்பு அம்புக்குறி இருக்கிறதோ அந்தத் திசையினர் வழிவிட வேண்டும். எங்கள் திசைக்குச் சிவப்பு. எனக்குப் பின்னிருக்கையிலிருந்தே தெரிந்தது. வண்டியின் வேகம் குறையவில்லை.

"மாமா, நிறுத்துங்க! மாமா!"

கணவரின் குரலில் வண்டி குலுங்கி நின்றது. முன்சக்கரங்கள் பாலத்தின் மேல் ஏறியிருந்தன. பாலத்தின் நடுவைத் தாண்டி எதிரே ஒரு கார், அதன் பின்னால் வெள்ளைக் கேரவன். அதிலும் வயதான தம்பதியர்தான். அந்த மனிதர் ஒலிப்பானை அழுத்தவில்லை. எங்களுக்குப் பின்னால் வேறு வண்டிகள் வந்து நின்றுவிட்டதால், இழுவைக் கேரவனோடு பாலத்தில் பின்னோக்கிச் செல்வது எவ்வளவு கடினமோ அதை மெல்ல மெல்லச் செய்து எங்களுக்கு வழிவிட்டார். அப்பா பாலத்தைக் கடந்து ஓரமாக நிறுத்தி, மழையில் இறங்கிப் போய் அவரிடம் ஏதோ சொன்னார். அவர் அப்பாவின் தோளைத் தட்டினார். திரும்பி வந்த அப்பா ஓட்டுநர் இருக்கைக்குச் செல்லவில்லை. மறுபக்கக் கதவைத் திறந்தார்.

"இனி நீங்களே ஓட்டுங்க, மாப்பிள்ளை."

சாவியை நீட்டிய கை நடுங்கியது. பலகையைப் பார்க்கவில்லையா என்று நான் கேட்டேன். ஆசிரியையின் குரலில் கேட்டேன். அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். "பலகை இருந்துச்சு. அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியல" என்றார். மீதிப் பயணம் முழுவதும் கணவர்தான் ஓட்டினார். அம்மா எதுவும் கேட்கவில்லை. அவருக்கு முன்னமே தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

டிசம்பர் 5 காலை அர்ச்சனை முடிந்து, ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு. பிள்ளைகள் கைகழுவப் போயிருந்த நேரத்தில் அப்பா சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். நம் நாட்டில் 65 வயதில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை வேண்டும். அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை. 65இலும் 68இலும் அவர் தேறிவிட்டார். 71ஆவது பிறந்தநாளோடு உரிமம் முடிகிறது என்னும் நினைவூட்டல் அது. பல வாரங்களாகக் குறிப்பேட்டுக்குள் இருந்திருக்கிறது. கண்ணில் புரை விழுந்திருப்பது தமக்கே தெரிந்ததால் அவர் பரிசோதனைக்குப் போகவில்லை.

எனக்கு வந்த முதல் உணர்ச்சி சினம்தான். மறைக்க விரும்பவில்லை. என் பிள்ளைகள் அந்த வண்டியில் இருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்த்தவர் இதைச் செய்யலாமா? சொல்லியும் விட்டேன். அவர் தலை குனிந்தபடி ரசத்தை இலையில் பரப்பிக்கொண்டிருந்தார். "தப்புதான்மா" என்றார். பிறகு, "கடைசியா ஒருதடவை நீளமா ஓட்டிப் பார்க்கணும்னு" என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். நான் கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தேன்.

2025 பிப்ரவரியில் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனை முதலில் கொடுத்த நாளில் பேரன் ஒருவனின் நட்சத்திரம் வருகிறது என்று அப்பா தேதியை மாற்றிக் கேட்டார்! பார்வை தெளிந்த பிறகு, உரிமத்துக்கு மீண்டும் முயலலாமே என்று என் கணவர் சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. இப்போது வண்டியில் முன்னிருக்கையில் அமர்ந்து, விரைவுச்சாலைப் பலகைகளை எல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு வருகிறார். தொடக்கநிலை ஒன்றில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளைப் போல.

2026ஆம் ஆண்டு நாட்காட்டி வந்ததும் குறிப்பேடு திருத்தப்பட்டது. அப்பா இல்லாத நேரத்தில் புரட்டிப் பார்த்தேன். ஜூன் விடுமுறையில் இரண்டு பிறந்தநாள்களுக்கு இடையே பத்து நாள்களைப் பென்சிலால் வளைத்திருந்தார். இடம் எழுதவில்லை. கீழே சிறிய எழுத்தில், 'ஓட்டுநர்: மாப்பிள்ளை. பலகை: நான். கறிவேப்பிலை கூடாது' என்று இருந்தது.