மூன்றாவது தேவாரம்

மாலையில் விளக்கேற்றியபின் பிள்ளைகள் சுவாமி படத்தின் முன் அமர்ந்து ஒரு தேவாரம் பாடுவது எங்கள் வீட்டில் என் பாட்டனார் காலந்தொட்டு வருகின்ற வழக்கம். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் என் மகன் இரண்டு தேவாரம் பாடத் தொடங்கினான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. சில வாரங்களில் இரண்டு மூன்றாயிற்று. அதுவும் அவசரமின்றி, பண்ணை இழுத்து இழுத்துக் கண்களை மூடிப் பாடுவான். என் தாயார் பூரித்துப் போனார். அயல்வீட்டு ஆச்சி வேலிக்கு அப்பால் நின்று, "பொடியனுக்கு நல்ல பக்தி, தாத்தாவைப் போலை வருவான்" என்றார். பெற்ற தகப்பன் இதைக் கேட்டு மகிழாதிருத்தல் இயலுமா? நானும் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி எவ்வாறு கலைந்தது என்பதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

நான் கணிதத்திற் பட்டம் பெற்றவன். ஓர் இந்துக் கல்லூரியில் நீண்ட காலமாகப் படிப்பித்து வருகிறேன். பதவியுயர்வுக்கு வேண்டியிருந்தமையால், நாற்பது வயது கடந்தபின், பட்டப்பின் கல்வி டிப்ளோமா வகுப்பிற் சேர்ந்தேன். வார இறுதி நாட்களில் எங்களைப் போன்ற ஆசிரியர்களே மாணவர்களாகி வாங்குகளில் நெருங்கி அமர்ந்திருப்போம். உளவியலில் எனக்குப் பெருமதிப்பு இருந்ததில்லை. நிறுவலுக்கு உட்படாத எதனையும் சந்தேகத்துடன் பார்ப்பது கணித ஆசிரியரின் தொழில்நோய். அறிமுகப் பாடத்தில் முதன்முதல் வந்தவை, யாவரும் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கும் பவ்லோவின் நாய்கள்.

ஆனால், நான் கேள்விப்பட்டிருந்தது பாதிக் கதையே. இவான் பவ்லோவ் உளவியலாளர் அல்லர், உடற்றொழிலியல் அறிஞர். உணவு சமிபாடடையும் முறையை ஆராய்ந்து 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். நாயின் உமிழ்நீரைச் சிறு குழாய்வழியே வெளியே எடுத்து அளந்துகொண்டிருந்தவருக்கு ஓர் இடையூறு ஏற்பட்டது. உணவு வாயிற் படுமுன்னரே உமிழ்நீர் சுரந்தது. உணவு கொடுப்பவரைக் கண்டாலும் சுரந்தது. அவருடைய காலடி ஓசை கேட்டாலும் சுரந்தது. வேறொருவராயின் இதனைப் பரிசோதனையின் பிழையென்று ஒதுக்கியிருப்பார். பவ்லோவோ எஞ்சிய வாழ்நாளை அந்தப் பிழைக்கே கொடுத்தார். மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியின் ஒலியைக் கேட்பித்து உடனே உணவளிப்பார். பலமுறை அவ்வாறு செய்தபின் ஒலி மாத்திரமே உமிழ்நீரை வரவழைக்கும். ஒலி தூண்டி, உமிழ்நீர் துலங்கல். இரண்டுக்கும் இயற்கையில் எவ்வித உறவுமில்லை. பழக்கமே அவ்வுறவை உண்டாக்கியது. இதற்கு நிபந்தனைப்படுத்தல் என்று பெயர்.

வீட்டுக்கு வந்து இதனை என் மனைவியிடம் சுவையாக எடுத்துரைத்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, உங்கடை மோட்டச்சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடக்கிலை கேட்டவுடனை பொடியன்ரை முகம் எப்பிடிப் போகுதெண்டு பாத்திருக்கிறியளோ? நீங்கள் எப்பிடிப் பாப்பியள், நீங்கள்தானே வாறது."

நான் அதனை விளையாட்டுப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். நான் படலையைத் திறக்கும்போது தொலைக்காட்சி நின்றிருக்கும்; மகன் புத்தகத்துடன் இருப்பான். தகப்பனிடம் மரியாதையுள்ள பிள்ளை என்று அதற்குப் பொருள் கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வாட்சன் வந்தார். 1920ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், ஜோன் வாட்சனும் ரோசலி ரேனரும் பதினொரு மாதக் குழந்தையொன்றில் ஒரு பரிசோதனை செய்தனர். அறிக்கையில் அக்குழந்தையின் பெயர் அல்பேட். அவன் வெள்ளெலியைக் கண்டு அஞ்சாதவன். கை நீட்டித் தொட விரும்பியவன். அவன் எலியைத் தொடப்போகும் வேளையில், தலைக்குப் பின்னால் ஓர் உருக்குத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். ஏழு முறை அவ்வாறு செய்தபின், ஒலியில்லாமலே எலியைக் கண்ட மாத்திரத்தில் குழந்தை அழுது விலகித் தவழ்ந்தது. பின்னர் முயலைக் கண்டும், நாயைக் கண்டும், உரோமச் சட்டையைக் கண்டும் கலங்கியது. அச்சம் ஒன்றிலிருந்து அதனையொத்த வேறொன்றுக்குப் பரவுவதைப் பொதுமைப்படல் என்பர். அந்த மருத்துவமனையிற் பணிபுரிந்த தாய் குழந்தையை அழைத்துச் சென்றுவிட்டமையால், ஊட்டிய அச்சத்தை நீக்காமலே விட்டுவிட்டனர். ஒரே குழந்தையைக் கொண்டு செய்ததென்றும், குறிப்புகள் திருத்தமற்றவையென்றும் இப்பரிசோதனையைப் பிற்காலத்தவர் குறை கூறியுள்ளனர். இன்று எந்த நாட்டு ஆய்வு ஒழுக்கக் குழுவும் இதனை அனுமதியாது. வகுப்பில் ஓர் ஆசிரியை, "என்ன நெஞ்சு அவைக்கு!" என்று உரக்கவே சொல்லிவிட்டார்.

நான் பேசவில்லை. என் மனத்தில் ஓர் அடிமட்டம் தோன்றியிருந்தது.

மகன் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். மாலைதோறும் விளக்கேற்றித் தேவாரம் முடிந்தவுடன் சாப்பாட்டு மேசையிற் கணிதம். நான் எவரையும் அடிப்பவனல்லன். பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றறிக்கையை மேற்கோள் காட்டிப் பிரம்பெடுத்த சக ஆசிரியர்களுடன் வாதாடியவன். ஆனால், எனக்குக் குரல் இருந்தது; கையில் ஓரடி நீளமான மர அடிமட்டம் இருந்தது. மகன் கழித்தலிற் பிழைவிட்டால் அதனை மேசையில் ஓங்கி அடிப்பேன். மேசை பலகையாதலால் நல்ல ஓசை எழும். பிள்ளையின் உடம்பில் ஒருநாளும் அது பட்டதில்லை என்பதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அல்பேட்டின் உடம்பிலும் அந்தச் சுத்தியல் பட்டதில்லை. வெள்ளெலி இருந்த இடத்தில் என் வீட்டிற் கணிதக் கொப்பி இருந்தது; ஏழு முறை எங்கே, எத்தனை மாலைகள் எங்கே? கொப்பியிலிருந்து அது மேசைக்கும், மேசையிலிருந்து என் குரலுக்கும், குரலிலிருந்து ஒழுங்கை முடக்கில் எழும் மோட்டார்ச் சைக்கிள் ஒலிக்கும் பரவியிருந்ததை மனைவி அறிந்திருந்தாள். நான் அறிந்திருக்கவில்லை.

மனிதன் நாயல்லன், அவனுக்குச் சிந்தனை உண்டு என்று வகுப்பில் ஒருவர் ஆட்சேபித்தார். உண்மைதான். உளவியலும் அந்த நாய்களோடு நின்றுவிடவில்லை. நினைவு, மொழி, எண்ணம் என்று வெகுதூரம் சென்றுவிட்டது. எனினும், அந்த ஆட்சேபம் எனக்கு ஒருநாள் ஆறுதலுக்கு மேல் தரவில்லை.

தேவாரத்தின் பொருள் விளங்கியது மீளவலியுறுத்தல் என்ற பாடத்திலேதான். ஒரு செயலின்பின் இனியதொன்று கிடைத்தால் அச்செயல் வலுப்பெறும். இது நேர் மீளவலியுறுத்தல். ஒரு செயலினால் இன்னாததொன்று விலகினாலும் அச்செயல் வலுப்பெறும். இது மறை மீளவலியுறுத்தல். மறை என்ற சொல்லைக் கண்டு இதனைத் தண்டனையென்று மயங்குவோர் பலர். நானும் பயிற்சி வினாவில் அவ்வாறே எழுதிப் புள்ளி இழந்தேன். தண்டனை செயலை ஒடுக்க முயல்வது; இதுவோ செயலை வளர்ப்பது. தலையிடி நீங்குவதால் மாத்திரை விழுங்கும் பழக்கம் வளர்வதுபோல, என்றார் விரிவுரையாளர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேவாரம் முடிந்தவுடன் கணிதம். தேவாரம் நீண்டால் கணிதம் பிந்தும். இரண்டாவது தேவாரம் ஐந்து நிமிடம் தந்தது. மூன்றாவது மேலும் ஐந்து நிமிடம். சுவாமிக்கு முன்னாற் பாடுகிற பிள்ளையை எந்தச் சைவத் தகப்பன் இடையில் எழுப்புவான்? வீட்டில் என் அடிமட்டம் எட்டாத ஒரேயிடத்தை அந்த ஒன்பது வயதுப் பிள்ளை கண்டுபிடித்திருந்தான். அவன் திட்டமிட்டு ஏமாற்றினான் என்று நான் நினைக்கவில்லை. நீண்ட நாளில் நிம்மதி கூடியது, நீளம் வளர்ந்தது. அவனே அதனை அறிந்திருக்கமாட்டான். அவனுக்குப் பக்தியே இல்லை என்றும் சொல்லமாட்டேன். அதனைக் கலப்பில்லாமல் அளக்கும் உரிமையை நான் இழந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது எழுத வெட்கமானது. நான் ஏன் அடிமட்டத்தை விடாமற் பிடித்திருந்தேன்? அடித்தவுடன் பிள்ளை நிமிர்ந்து அமர்வான், பேனையை விரைந்து எடுப்பான், என் எரிச்சல் அடங்கும். மறை மீளவலியுறுத்தல் எனக்கும் நடந்துகொண்டிருந்தது. அவன் திருந்தியதனால் நான் அடிக்கவில்லை. எனக்கு எரிச்சல் தணிந்ததனால் அடித்தேன். ஸ்கின்னர் 1938ஆம் ஆண்டு நூலில், நெம்புகோலை அழுத்திய எலிகளின் பாதத்தில் அடிவிழச் செய்த பரிசோதனையை விவரிக்கிறார். அடிபட்டவை முதலில் அழுத்துவதைக் குறைத்தன. இறுதியிற் கூட்டிப் பார்த்தபோது, அடிபடாதவற்றுக்கு ஏறக்குறைய ஈடாக அழுத்தியிருந்தன. கடுந்தண்டனை பற்றிப் பிற்காலத்தில் வேறு முடிவுகளும் வந்துள்ளன. ஆயினும் என் மகனுடைய கழித்தற் பிழைகள் அந்த எலிகளைப் போலவே நடந்துகொண்டன.

அச்சம் உடம்பிற் குடியிருப்பது எவ்வாறென்று எனக்குத் தெரியாதென்று சொல்லவும் வழியில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். பொம்மரின் இரைச்சல் கேட்டதும் கிணற்றடிக்கு அருகே வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்குவோம். அம்மா என் தலையை மடியில் அமுக்கிப் பிடிப்பார். போர் 2009ஆம் ஆண்டு மே மாதம் முடிந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டுச் சென்னையிலிருந்து விமானம் வந்தது. அதன் ஒலி கேட்டபோது அம்மாவின் கை தானாகவே எழுந்து என் தோளைப் பற்றியது, நானும் குனிந்திருந்தேன். பவ்லோவின் நாய்களுக்கும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. 1924ஆம் ஆண்டு லெனின்கிராட் நகரிற் பெருவெள்ளம் வந்து கூடுகளுக்குட் புகுந்தது, நாய்களைக் காப்பாற்றிவிட்டனர். ஆயினும் சில நாய்கள் கற்றவற்றையெல்லாம் இழந்தன. அவை தேறியபின் ஒருநாள் ஆய்வுகூடக் கதவின் கீழாற் சிறிது நீரைக் கசியவிட்டனர்; அதைக் கண்டு ஒரு நாய் மீண்டும் நிலைகுலைந்தது. வகுப்பில் இதைக் கேட்டபோது எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அடிமட்டத்தை அலுமாரியின் மேல் வைத்துவிட்டேன். அதனால் மாத்திரம் பயனில்லை. மகன் இல்லாத அடிமட்டத்துக்கும் அஞ்சினான். எனக்கு உதவியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி. வாட்சன் ஊட்டிவிட்டு நீக்காது விட்டதை, 1924ஆம் ஆண்டில் இவர் நீக்கிக் காட்டினார். பீற்றர் என்ற குழந்தைக்கு மூன்று வயது நிறையவில்லை. முயலைக் கண்டால் நடுங்குவான். அவனை உயரக் கதிரையில் இருத்தி விருப்பமான உணவைக் கொடுத்து, கூட்டிலிட்ட முயலைத் தூரத்தில் வைத்தனர். உண்பது தடைப்படாத அளவுக்கு நாளாக நாளாகக் கிட்டக் கொண்டுவந்தனர். நடுவில் அவன் நோயுற்று மருத்துவமனையில் இருந்தான். திரும்பும்போது வாசலில் ஒரு பெரிய நாய் பாய்ந்து அவனை அச்சுறுத்த, எல்லாம் பழையபடியாயிற்று. மீண்டும் தொடங்கினர். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிப்பதற்கு அவன் விட்டான்.

என் மகனுக்குக் கச்சான் விருப்பம். மாலையில் ஒரு சரை வாங்கி வருவேன். மேசையை விட்டுக் கிணற்றுக்கட்டில் அமர்ந்தோம். அவனும், தங்கையும், நானும். முதற்கிழமை கணிதமென்ற சொல்லே இல்லை. கொப்பி வீட்டினுள் யன்னலோரத்தில் மூடிக் கிடந்தது. பிறகு கச்சானை மூவரும் பங்கிட்டோம். மீந்ததை என்ன செய்வதென்று சண்டையிட்டோம். ஒரு கிழமை கழித்துக் கொப்பி திண்ணைக்கு வந்தது. பின்னர் கிணற்றுக்கட்டுக்கு வந்தது. திறக்கும்படி நான் சொல்லவில்லை. ஒருநாள் அவனே திறந்து, பதினேழு கச்சானை மூவருக்குப் பங்கிடும் கணக்கை எழுதி, மீதி இரண்டு என்று போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் முன்னர் கண்டதேயில்லை போலிருந்தது. பிழைகள் குறைந்தனவா என்றால், சிறிது குறைந்தன. கழித்தலில் இன்னும் கடன் வாங்க மறக்கிறான்.

தேவாரம் மூன்றிலிருந்து இரண்டாகி, மாசி மாதமளவில் ஒன்றாயிற்று. "பொடியனுக்குப் பக்தி குறைஞ்சு போச்சு, உன்ரை படிப்பாலை வந்தது" என்று அம்மா என்னைக் கண்டித்தார். நான் மறுமொழி சொல்லவில்லை.

பவ்லோவ் கண்ட இன்னொரு விடயமும் உண்டு. ஒலியைக் கேட்பித்து உணவு கொடாமலே விட்டுவந்தால் துலங்கல் மெல்ல அற்றுப்போகும். அற்றது என்றெண்ணிச் சிறிது காலம் ஓய்வு கொடுத்து மீண்டும் ஒலித்தால், உமிழ்நீர் திரும்பவும் சுரக்கும். அழிந்ததாகத் தோன்றியது உள்ளே உறங்கிக் கிடந்திருக்கிறது.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இரண்டு கிழமைக்குமேல் கொப்பியை எடுக்கவில்லை. விடுமுறை முடிந்த மாலை மழைக்காற்று வீசியதால் கிணற்றடியை விட்டு மேசையில் அமர்ந்தோம். கொப்பியைத் திறந்த வேளையில் அறைக்கதவு காற்றில் அடித்துச் சாத்தியது. மகனின் தோள்கள் காதளவு உயர்ந்தன. கண்கள் இறுக மூடின. கதவென்று தெரிந்தபின் அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். கொப்பியை மூடிவிட்டோம்.

மறுநாள் மாலை விளக்கேற்றினோம். அவன் ஒரு தேவாரம் பாடினான். நிறுத்தாமல் இரண்டாவதைத் தொடங்கினான். என் தாயார் கைகூப்பியபடி என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். மூன்றாவதை அவன் மெல்ல இழுத்துப் பாடிக்கொண்டிருக்கையில், நான் ஓசைப்படாமல் எழுந்து சென்று, மேசையிலிருந்த கொப்பியை எடுத்துப் பழையபடி யன்னலோரத்தில் வைத்துவிட்டு, கச்சான் வாங்கப் புறப்பட்டேன்.