சிங்கம் பார்க்கப் போனோம்

ஆப்பிரிக்கா கண்டத்தைப் பற்றி நாம் பாடம் நடத்திக் கொண்டிருந்த ஒரு நாள், கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, விழுப்புரத்திலிருந்து அங்கே எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்டுவிட்டாள். உபாத்தியாயர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"மீனம்பாக்கத்தில் ஆகாய விமானம் ஏறி, மும்பை சென்று, அங்கிருந்து கென்யா தேசத்து நைரோபியில் இறங்கலாம். நகரத்தின் விளிம்பிலேயே 1946-ல் ஏற்பட்ட தேசீய வனம் இருக்கிறது. பாஸ்போர்ட் வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக் கொண்டு பத்து நாள் பொறுக்க வேண்டும்" என்றோம்.

"டிக்கெட் எவ்வளவு, ஐயா?"

அவள் தகப்பனார் மூட்டை தூக்கிப் பிழைப்பவர். "சிங்கம் வண்டலூரிலேயே இருக்கிறதே!" என்று சொல்லித் தப்பப் பார்த்தோம். மறுநாள் முதல் வகுப்பு முழுவதும் வண்டலூர்ப் பேச்சுதான்!

1855-ல் சென்னைப் பட்டணத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, 1985-ல் வண்டலூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. பரப்பு 602 ஹெக்டேர். சிங்கங்கள் உலாவும் இடத்திற்குள் வண்டியில் அழைத்துப் போகிறார்கள். 'சபாரி' என்றால் சுவாஹிலி பாஷையில் பிரயாணம் என்றுதான் பொருளாம்.

தை மாதத்தில் 40 குழந்தைகளோடும் இரண்டு அண்டா எலுமிச்சம்பழச் சாதத்தோடும் வாடகைப் பஸ்ஸில் கிளம்பினோம். திண்டிவனத்திலிருந்து ஏறக்குறைய 90 கிலோ மீட்டர், ரஸ்தா நேர். மதுராந்தகம் ஏரி, பாலாறு, செங்கற்பட்டு எல்லாம் பாட்டுச் சத்தத்தில் கடந்து போயின. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, நம் பக்கத்துப் பஸ்கள் வண்டலூருக்கு அருகிலேயே வந்து நிற்கின்றன. தனி வண்டி இல்லாதவர்களுக்கும் சௌகரியந்தான்.

வாசற்கதவு சாத்தியிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, வார விடுமுறை! விசாரிக்காமல் வந்தது முழுக்க நம் பிசகு. ஒரு குழந்தையாவது அழுதிருந்தால் தேவலை. எல்லோரும் நம் முகத்தையே பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் படாளத்தில் பிரிந்து வேடந்தாங்கலுக்குப் போனோம். எச்சத்தால் வயல் செழிப்பதைக் கண்டு, அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். வேட்டைக்காரனை அண்ட விடுவதில்லை. நீரிலே நிற்கும் கடப்ப மரங்களில் கூடுகள் மொய்த்திருந்தன. வட ஆசியாவிலிருந்து வந்த ஊசிவால் வாத்துக்களைக் காட்டினோம். அந்தச் சிறுமி வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரி ஐயா, சிங்கம் எப்போது?" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை என்று ஏற்பாடு. பஸ் சத்தத்தை மறுபடியும் பெற்றோரிடம் கேட்க நமக்கு வாய் எழவில்லை. இம்முறை அது நம் சம்பளத்தில். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.