ஜவ்வு கிழிஞ்ச கதை

நேத்து ராத்திரி சூரிச்ல இருந்து ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "அக்கா, ஜூலைல ஏசிஎல் ஆபரேஷன் முடிஞ்சுது. இப்ப வலி சுத்தமா இல்ல. மாடிப்படி ஏறுறேன், சைக்கிள் ஓட்டுறேன், மெதுவா ஓடக்கூட செய்றேன். டிசம்பர் லீவுல ஸ்கீயிங் போகலாம்ல?"

தம்பி, இதுக்கு ஒரே வரியில பதில் சொல்லிடலாம். ஆனா இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்ல, நானே ஒரு டிசம்பர்ல கேட்டிருக்கேன். பதில் தெரிஞ்சுக்கிட்டே கேட்டேன். அதனால விரிவா எழுதுறேன். இழை பெருசு, டீ போட்டுட்டு வந்து படிங்க.

நான் கனடாவுல, கேல்கரியில குடும்ப மருத்துவர். ஊர் பாளையங்கோட்டை. முப்பது வயசு வரைக்கும் பனிக்கட்டியை ஃப்ரீசர்ல மட்டுமே பார்த்தவ. இங்க வந்த முதல் ரெண்டு குளிர்காலம் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தேன். டிசம்பர்ல நாலரை மணிக்கெல்லாம் இருட்டிடும். கிளினிக் விட்டு வெளிய வந்தா ராத்திரி மாதிரி இருக்கும். மனசு ரொம்பவே சோர்ந்து போச்சு. மூணாவது வருஷம் ஒரு சக மருத்துவர் வலுக்கட்டாயமா மலைக்கு இழுத்துட்டுப் போனார். அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம். எட்டு வருஷமா சனிக்கிழமை ஆனா விடியக்காலை காரை எடுத்துட்டு பான்ஃப் பக்கம் போயிடுவோம். எனக்கு குளிர்காலத்தைத் தாண்ட வெச்சதே இந்தப் பனிச்சறுக்குதான். இதை ஏன் சொல்றேன்னா, "விளையாட்டுதானே, விட்டுத் தொலைங்க"ன்னு கமென்ட்ல சிலர் வருவாங்க. அவ்வளவு ஈசியா விட முடியாதுங்க.

2023 பிப்ரவரி. சாயங்காலம் மூன்றரை மணி, அன்னிக்குக் கடைசி ரன். பெரிய சரிவுகூட இல்ல, வேகமும் இல்ல. கால் களைச்சுப் போயிருந்தது. ஒரு திருப்பத்துல உடம்பு பின்னாடி சாஞ்சு, நாற்காலியில உக்கார்ற மாதிரி ஆயிடுச்சு. விழுந்திருக்கலாம். விழாம எழுந்திருச்சுடலாம்னு பார்த்தேன். சரிவுக்குக் கீழ்ப்பக்கம் இருந்த வலது பலகையோட வால் பகுதி, உள்விளிம்பால பனியைக் கவ்விக்கிட்டுத் திரும்புச்சு. முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பும் அதோட சேர்ந்து உள்பக்கமா முறுக்கிக்கிச்சு. "டப்"னு ஒரு சத்தம். பக்கத்துல வந்துட்டிருந்தவருக்கே கேட்டிருக்கு. என் பேஷன்ட்டுங்க எத்தனையோ பேர் "டப்னு கேட்டுச்சு டாக்டர்"னு சொல்லி நான் எழுதிக்கிட்டிருக்கேன். அது என் கால்ல இருந்து வந்தப்ப, கீழே விழுறதுக்கு முன்னாடியே என்னன்னு தெரிஞ்சு போச்சு.

இந்த மாதிரி விழுறதுக்கு ஸ்கீயிங் உலகத்துல "ஃபேன்டம் ஃபுட்"னு பேர் இருக்கு. பலகையோட வால், குதிகாலுக்குப் பின்னாடி நீளுற இன்னொரு பாதம் மாதிரி நெம்புகோலா வேலை செய்யுது. இடுப்பு முழங்காலுக்குக் கீழ போயிடுச்சு, எடை முழுக்க பின்னாடி, ஒரு கை பின்னால போகுது. இந்த நிலைமையில எழுந்திருக்க முயற்சி பண்றதுதான் தப்பு. கையை முன்னாடி கொண்டு வந்து, ரெண்டு காலையும் சேர்த்து, எழ முடியலைன்னா முழங்காலை மடக்கினபடியே விழுந்து, முழுசா நிக்கிற வரைக்கும் அப்படியே சறுக்கிட்டுப் போகணும். இதைக் கத்துக்கொடுத்தாலே காயம் குறையுதுன்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1995-லயே எழுதிட்டாங்க. எட்டு வருஷம் ஸ்கீ பண்ண எனக்கு, விழுந்தப்புறம்தான் அதைப் படிக்கத் தோணுச்சு.

"பலகை தானாக் கழண்டிருக்கணுமே?"ன்னு எல்லாரும் கேட்டாங்க. பூட்டையும் பலகையையும் இணைக்கிற பைண்டிங், முக்கியமா கால் எலும்பு முறியாம இருக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. அது வந்தப்புறம் கால் எலும்பு முறிவு நல்லாவே குறைஞ்சது. இந்த மாதிரி பின்னாடி சாஞ்சு மெதுவா முறுக்கும்போது அது கழலும்னு நம்ப முடியாது. எனக்குக் கழலல.

ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் "ஜவ்வு"தான். ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற மெனிஸ்கஸும் ஜவ்வு, எலும்பையும் எலும்பையும் கட்டி வெக்கிற கயிறான லிகமென்ட்டும் ஜவ்வு. ரெண்டும் வேற, வைத்தியமும் வேற. ஸ்கேன் ரிப்போர்ட்ல எது கிழிஞ்சிருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. எனக்குக் கிழிஞ்சது ஏசிஎல்ங்கிற கயிறு. சுண்டுவிரல் நீளம்கூட வராது. தொடை எலும்புக்குக் கீழ கால் எலும்பு முன்னாடி நழுவாம, முறுக்கிக்காம பிடிச்சு வெக்கிறது அதுதான்.

அம்மா போன்ல, "ஏட்டி, பனில சறுக்கி விழுறதுக்கா உன்னை டாக்டருக்குப் படிக்க வெச்சோம்?"னு ஆரம்பிச்சு, "தெனமும் ஆட்டுக்கால் சூப் வெச்சுக் குடி, ஜவ்வு ஒட்டிக்கும்"ல வந்து நின்னாங்க. சூப் அருமையா இருக்கும், குடிங்க. ஆனா இந்த ஜவ்வு மூட்டுக்குள்ள, திரவத்துக்கு நடுவுல இருக்கு. கிழிஞ்ச ரெண்டு முனைக்கும் நடுவுல ரத்தம் உறைஞ்சு ஒரு பாலம் கட்டினாத்தான் காயம் ஆறும். அந்தத் திரவம் பாலத்தை நிக்க விடாது. அதனாலதான் முழுசா கிழிஞ்சா பெரும்பாலும் பழையபடி ஒட்டுறதில்ல.

அதுக்காக எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னு அர்த்தம் இல்ல. ஸ்வீடன்ல 121 இளைஞர்களை வெச்சு ஒரு நல்ல ஆய்வு, 2010-ல வெளியாச்சு. ஒரு பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன். மீதிப் பேருக்கு முதல்ல உடற்பயிற்சி மட்டும், தேவைப்பட்டா அப்புறம் ஆபரேஷன். அந்த ரெண்டாவது குழுவுல பாதிக்கு மேல ரெண்டு வருஷம் ஆபரேஷன் இல்லாமலே சமாளிச்சாங்க. நானும் மூணு மாசம் பயிற்சி மட்டும் செஞ்சு பார்த்தேன். கார்ல இருந்து இறங்கும்போதே முட்டி நழுவ ஆரம்பிச்சது. ஒரு தடவை கிளினிக்ல, பேஷன்ட் முன்னாடியே. அதுக்கப்புறம்தான் ஜூன்ல ஆபரேஷன். முழங்கால் சில்லுக்குக் கீழ இருக்கிற தசைநாணின் நடுப்பகுதியை, ரெண்டு பக்கமும் சின்ன எலும்புத் துண்டோட எடுத்து, புது ஜவ்வா உள்ள பொருத்தினாங்க. அதோட விலை என்னன்னா, இன்னிக்கும் தரையில முட்டி போட்டா முன்பக்கம் சுருக்குனு வலிக்கும்.

இனிமேதான் என் தப்புகள்.

முதல் தப்பு ஒரு தலையணை. ஆபரேஷன் முடிஞ்ச முட்டிக்கு லேசா மடங்கி இருந்தா சுகமா இருக்கும். நானும் முட்டிக்கு அடியில தலையணை வெச்சு நல்லாத் தூங்கினேன். அஞ்சாவது நாள் பிசியோதெரபிஸ்ட் வந்து பார்த்த உடனே, ஒரு வார்த்தை பேசாம அதை உருவித் தூக்கிப் போட்டார். முட்டி முழுசா நீளுறதுதான் முதல் சில வாரத்தோட முக்கியமான வேலை. கடைசி அஞ்சு டிகிரி நீளாம விட்டுட்டா உள்ள தழும்பு கட்டி, வருஷக் கணக்கா நொண்ட வைக்கும். தலையணை வெக்கிறதா இருந்தா குதிகாலுக்கு அடியில வைங்க, முட்டிக்கு அடியில வேண்டாம். நான் எத்தனை டிகிரி மடங்குதுன்னு கணக்குப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன், நீளுதான்னு பார்க்கவே இல்ல. "நீங்க இங்க டாக்டரா, பேஷன்ட்டா?"ன்னு கேட்டார். பதில் சொல்லல.

அப்புறம் தொடை. படுத்த வாக்குல தொடைத் தசையை இறுக்கச் சொன்னார். மூளை உத்தரவு போடுது, தொடை கேக்கல. கால் என்னோடதே இல்லைங்கிற மாதிரி. மூட்டுல வீக்கம் இருக்கிற வரைக்கும் நரம்பு மண்டலமே அந்தத் தசையை அணைச்சு வெச்சுடும். புத்தகத்துல படிச்சது. ஆனா 44 வயசுல சொந்தத் தொடையை உத்துப் பார்த்துக்கிட்டு "அசை, அசை"ன்னு கெஞ்சுவேன்னு நினைக்கல. ரெண்டு வாரத்துல தொடை கண்ணுக்குத் தெரிய இளைச்சுப் போச்சு.

(இந்த நாட்கள்ல கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலோட முட்டி சிவந்து கொதிச்சாலோ, இணையத்துல தேடிட்டு இருக்காதீங்க. உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.)

மூணாவது மாசம் எல்லாம் நல்லாயிடுச்சு. அதாவது, நல்லாயிட்ட மாதிரி இருந்துச்சு. இங்கதான் இயற்கையோட குறும்பு. உள்ள வெச்ச புது ஜவ்வுக்கு முதல்ல ரத்த ஓட்டமே கிடையாது. அதுல இருந்த செல்கள் செத்து, புது ரத்தக்குழாய் முளைச்சு, புது செல்கள் குடியேறி, நார்களைத் திரும்ப அடுக்கணும். அதுக்கு ஒரு வருஷமும் ஆகும், மேலயும் ஆகும். ரெண்டாவது, மூணாவது மாச வாக்குலதான் அது ரொம்பப் பலவீனமா இருக்கும். சரியா அப்பதான் நமக்கு வலி போய், கம்பை வீசிட்டு நடக்க ஆரம்பிப்போம். இன்னொண்ணும் இருக்கு. பழைய ஜவ்வுல நரம்பு முனைகள் இருந்துச்சு, முட்டி எந்த நிலைமையில இருக்குன்னு மூளைக்குச் சொல்லும். ஆபரேஷன்ல வெச்ச ஜவ்வு ஊமை. "நான் இன்னும் ரெடி ஆகல"ன்னு அதால சொல்ல முடியாது.

டிசம்பர் வந்துச்சு. ஆறு மாசம். வீட்டுக்காரரும் பத்து வயசு மகளும் வாராவாரம் மலைக்குப் போறாங்க. நான் கூடப் போய், கீழ இருக்கிற கேன்டீன்ல உக்காந்து ஹாட் சாக்லேட் குடிச்சுட்டு, சுவர்ல சாஞ்சு ஸ்குவாட் பண்ணிக்கிட்டிருப்பேன். அந்தப் பழைய இருட்டு திரும்ப மனசுல ஏறுறது எனக்கே தெரிஞ்சுது. ஒரு புதன்கிழமை லீவு போட்டேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல. தனியா மலைக்குப் போய், குழந்தைங்க கத்துக்கிற பச்சைச் சரிவுல ரெண்டு மணி நேரம் சறுக்கினேன். பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் சொல்லல. என் பேஷன்ட் யாராவது இப்படிச் செஞ்சிருந்தா நல்லாத் திட்டியிருப்பேன்.

ஒண்ணும் ஆகல. வலி இல்ல, மறுநாள் வீக்கமும் இல்ல. சந்தோஷமா இருந்தேன்.

அடுத்த வாரம்தான் பலத்தை அளக்கிற டெஸ்ட். மெஷின்ல உக்காந்து ரெண்டு தொடையோட பலத்தையும் தனித்தனியா அளப்பாங்க. அப்புறம் ஒத்தைக் கால்ல தாவி எவ்வளவு தூரம் போறோம், மூணு தாவல்ல எவ்வளவு, குறுக்கும் நெடுக்குமா எவ்வளவுன்னு பார்ப்பாங்க. நல்ல காலோட ஒப்பிட்டா அடிபட்ட கால் 90 சதவீதமாவது இருக்கணும். என் வலது தொடை 68. ஒத்தைக் கால் தாவல்ல முட்டி உள்பக்கமா மடங்குறதை வீடியோல காட்டினார். பிப்ரவரியில கிழிஞ்சப்ப முட்டி எப்படி மடங்கினதோ, அதே திசை. ரெண்டு மணி நேரம் அந்தக் காலை நம்பித்தான் சறுக்கியிருக்கேன். அங்கயே ஒத்துக்கிட்டேன், புதன்கிழமை போனதைச் சொல்லிட்டேன். அவர் திட்டல. அடுத்த டெஸ்ட்டுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

நார்வேயில 2016-ல வெளியான ஆய்வு ஒண்ணு இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் விளையாட்டுக்குத் திரும்புறதை ஒன்பது மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடும்போதும், மறுபடி முட்டியில அடிபடுறது 51 சதவீதம் குறைஞ்சுது. அது ஃபுட்பால், ஹேண்ட்பால் மாதிரி ஆட்டங்களுக்குத் திரும்பினவங்களை வெச்சு வந்த கணக்கு, ஸ்கீயிங்குக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா காலண்டர் மட்டும் போதாதுன்னும் அதே ஆய்வு சொல்லுது: தொடைப் பலம் ரெண்டு பக்கமும் சமமா இருந்தவங்களுக்குத்தான் அடி குறைவு.

"பெரிய வீரர்கள் எல்லாம் சீக்கிரம் வந்துடறாங்களே?"ம்பீங்க. லிண்ட்ஸி வான் 2013 பிப்ரவரியில, ஷ்லாட்மிங் உலக சாம்பியன்ஷிப்ல விழுந்து வலது ஏசிஎல்லைக் கிழிச்சாங்க. நவம்பர்லயே பயிற்சியில விழுந்து, ஆபரேஷன் பண்ண அதே ஜவ்வு பாதி கிழிஞ்சுது. டிசம்பர் பந்தயத்துல முட்டி நழுவுச்சு. 2014 சோச்சி ஒலிம்பிக்ஸ் போச்சு. அதுக்கப்புறம் நேரம் எடுத்துத் திரும்பி வந்தவங்க, 2015 ஜனவரியில உலகக் கோப்பைப் பந்தயங்கள்ல அதிக வெற்றிங்கிற பெண்கள் சாதனையை உடைச்சாங்க. இத்தனைக்கும் அவங்களுக்கு இல்லாத வசதியா!

எனக்கு ஏப்ரல் டெஸ்ட்ல 91 வந்துச்சு. பத்து மாசம். மலையில பனி இன்னும் இருந்தது, போயிருக்கலாம்தான். வசந்தகாலப் பனி ஈரமா, கனமா, பலகையைப் பிடிச்சு இழுக்கும். வேண்டாம்னு விட்டேன். கோடை முழுக்க ஸ்குவாட், ஒத்தைக் கால் பயிற்சி, சைக்கிள். போரடிச்சுது, ரொம்பவே. அழகாச் சொல்ல இதுல ஒண்ணும் இல்ல.

2024 டிசம்பர்ல, ஆபரேஷன் முடிஞ்சு பதினெட்டு மாசம் கழிச்சு, பலகையை மாட்டினேன். கால் ரெடி. மனசு இல்ல. லிஃப்ட்ல இருந்து இறங்கினதும் தொடை நடுங்குச்சு. முதல் சரிவை முடிக்க இருபது நிமிஷம் ஆச்சு. மகள் பத்து மீட்டர் முன்னாடி போய் நின்னு, நின்னு, திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தா. "அம்மா, கை முன்னாடி!"ன்னு கத்தினா. நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். மூன்றரை மணிக்கு "கடைசி ரன்"னு அவங்க போனப்ப நான் கீழயே பூட்டைக் கழட்டிட்டேன். இப்பவும் அப்படித்தான், களைச்ச காலோட கடைசி ரன் கிடையாது.

தம்பி, உங்க கேள்விக்கு வர்றேன். ஜூலைல இருந்து டிசம்பர், அஞ்சு மாசம். இந்த லீவுக்கு வேண்டாம். உங்க பிசியோதெரபிஸ்ட்கிட்ட தொடைப் பலமும், ஒத்தைக் கால் தாவல் டெஸ்ட்டும் எப்பன்னு கேளுங்க. நம்பர் வந்ததும் எனக்கு அனுப்புங்க. புதன்கிழமை லீவு போட்டுட்டுத் தனியாப் போறதா இருந்தா, அதையும் சொல்லிடுங்க.