'ஆம்' என்று அமுக்கிய விரல்

மூன்றாம் ஆண்டு, வணிகவியல்

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் பயணக் கட்டுரை கேட்டார்கள். சென்ற கோடை விடுமுறையில் நான் எங்கும் பயணம் போகவில்லை. தூத்துக்குடியில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்தேன். கப்பலேறும் சரக்குக்குப் பட்டியல் தட்டச்சு செய்வதும் தேநீர் வாங்கி வருவதும் என் பணிகள். இவற்றுள் எது முதன்மையானது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அங்கே நடந்த ஒன்றைத்தான் எழுதுகிறேன். பயணக் கட்டுரை அடுத்த மலருக்கு!

காலையில் கணிப்பொறியில் கணக்குச் செயலியைத் திறந்தால் திரை முழுவதும் மங்கும். நடுவில் ஒரு பெட்டி எழுந்து, 'இந்தச் செயலி உங்கள் கணிப்பொறியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?' என்று ஆங்கிலத்தில் கேட்கும். முதல் நாள் பயந்து கையை எடுத்துவிட்டேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"அது தினமும் கேக்கும்லே. ஆமான்னு அமுக்கு."

அமுக்கினேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை அமுக்கினேன். பத்தாண்டாக அந்த அலுவலகத்தில் இருக்கும் செயலி அது. வீட்டுக்காரரையே வாசலில் நிறுத்தி, 'நீர் யார்?' என்று தினமும் கேட்கும் காவலாளியைப் போலிருந்தது அந்தப் பெட்டி. இரண்டாம் வாரத்தில், பெட்டி எழும் முன்பே என் விரல் அங்கே போய்க் காத்து நின்றது.

அப்படியொரு பிற்பகலில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. கப்பல் கட்டண விவரம் என்று இணைப்பு இருந்தது. அப்படிப் பத்து வருகிற அலுவலகம்தானே! திறந்தேன். ஒரு பெட்டி எழுந்தது. அமுக்கினேன். அந்தப் பெட்டி வழக்கமானதாக இல்லை என்பதும், 'வெளியிட்டவர்: தெரியவில்லை' என்று அதில் ஒரு வரி இருந்தது என்பதும் பிறகுதான் நினைவுக்கு வந்தன. கண் பார்த்திருக்கிறது, நான் படிக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு கோப்பும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஓர் ஓலை மட்டும் திறந்தது. எல்லோருக்கும் பொதுவான கோப்புறையும் போயிற்று. நகலெடுத்து வைத்திருந்த பென்டிரைவ் ஆறு வாரம் பழையது. அந்த நாற்காலி கணக்குப் பார்க்கும் அக்காவுடையது. அவர் வெளியே போகும் வேளையில்தான் நான் அமர்வேன். ஆகவே எல்லோருடைய பார்வையும் அக்காவின் மேல் திரும்பியது. அண்ணாச்சி திட்டவில்லை. அவரிடம் பேசுவதைத்தான் நிறுத்தினார். அக்கா காகிதக் கட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று தாள் எடுத்துக் கொடுத்தேன். வாய் திறக்கவில்லை.

இரவு தாத்தாவிடம் சொன்னேன். அவருக்குக் கணிப்பொறி தெரியாது, கடல் தெரியும். தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961ஆம் ஆண்டில் அவர் தோணியில் கயிறு பிடித்தவர். குளிப்பவன் கல்லோடு இறங்கி, முத்துப்பாரில் சிப்பி பொறுக்குவான். மூச்சு முடியும்போது கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் உடனே இழுக்க வேண்டும். கீழேயிருப்பவனுக்கு வேறு வாய் கிடையாது.

"எத்தனை தடவை கேக்கும் அந்தப் பெட்டி?" என்றார்.

"அஞ்சாறு தடவை."

"ஒண்ணுமில்லாதப்பமுமா?"

"ஆமா."

"கயிறு சும்மா அசையக் கூடாதுலே. சும்மா அசைஞ்சா பிடிச்சவன் கை மரத்துப் போவும். எங்க தோணில விளையாட்டுக்குக் கயித்தைத் தொட்டா, தண்டல் மகனா இருந்தாலும் அடி விழும்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்குள் அவர் தொடர்ந்தார்: "ஆனா அன்னைக்குக் கயிறு பிடிச்சது நீதானே? அந்தப் பொண்ணு இல்லியே?"

மூன்றாம் நாள் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் விசிறியையே பார்த்திருந்தார். "நானும் அப்படித்தாம்லே அமுக்குறேன்" என்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டுத் தேநீர் வாங்கித் தரச் சொன்னார். வாங்கி வந்தவன் நான்தான்.

கணிப்பொறியைச் செப்பனிட வந்தவரிடம் அண்ணாச்சி, "இந்தக் கேள்வியே வராம பண்ணிரும்" என்றார். அவர் மறுத்துவிட்டார். இந்தப் பெட்டி 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு பரவலாக வந்ததாம். எடுத்ததற்கெல்லாம் கேட்கிறதென்று உலகமே சலித்துக்கொள்ள, 2009இல் விண்டோஸ் 7இல் கேள்விகளைக் குறைத்தார்களாம். திரை மங்குவதற்கும் காரணம் உண்டு: அந்த நேரத்தில் வேறு செயலி எதுவும் உள்ளே புகுந்து நமக்காக 'ஆம்' அமுக்க முடியாது. எங்கள் கணக்குச் செயலி பழையது. தன் கணக்குகளை, செயலிகளைப் பதிக்கும் கோப்புறைக்குள்ளேயே எழுதும். அங்கே எழுத மேலாளர் உரிமை வேண்டும். அதனால்தான் தினமும் கேள்வி. அவர் கணக்குகளை வேறு இடத்துக்கு மாற்றினார். அன்றே கேள்வி நின்றது. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையே வந்தது.

'தெரியவில்லை' என்று வந்தாலே திருடன்தானா என்று கேட்டேன். இல்லையாம். செயலியை ஆக்கியவர் கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்கிக் கையொப்பமிட்டால்தான் பெயர் தெரியும். தமிழில் தட்டச்சு செய்ய இலவசமாகச் செயலி ஆக்கித் தருபவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? இணையத்திலிருந்து வரும் கோப்பில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று விழுகிறது. எச்சரிக்கை அதைப் பார்த்துத்தான் எழுகிறது. யார் தந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த ஒரு கோப்பின் பண்புகளுக்குள் போய்த் தடையை நீக்கிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்குமாக அணைத்துவிடக் கூடாது.

தெரிந்தவன் எல்லாம் நல்லவனுமில்லை. 2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்ற நச்சுநிரல் பரவியது. அது நுழைந்த வழி, உக்ரைனில் வரிக்கணக்குக்காகப் பலரும் நம்பிப் பயன்படுத்திய ஒரு செயலியின் புதுப்பிப்பு. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 45,000 கணிப்பொறிகளைப் புதிதாக அமைக்க நேர்ந்தது. மும்பை ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் தடைப்பட்டது. துறைமுக ஊர்க்காரன் நான். இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது.

நான் விடைபெறும் வாரத்தில், பல நாள் கழித்துத் திரை மங்கியது. பெட்டி எழுந்ததும் அலுவலகமே எழுந்து நின்றது. அக்கா வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். அச்சுப்பொறிக்கான செயலி, வெளியிட்டவர் பெயரும் இருந்தது. அன்று காலை புது அச்சுப்பொறி வந்ததும் உண்மை. அக்கா இருமுறை சரிபார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"நீயே அமுக்குலே" என்றார்.