வேண்டுவது எது?

மனிதனிடம் கேட்கக்கூடிய கேள்விகளில் மிகவும் எளியதுபோலத் தோன்றி மிகவும் கடினமாய் இருப்பது, "உனக்கு என்ன வேண்டும்?" என்பதே. கடைக்காரர் கேட்டால் உடனே விடை சொல்லிவிடுகிறோம். வாழ்க்கை கேட்டால் விழிக்கிறோம். பிறகு அண்டை வீட்டாருக்கு எது வேண்டியிருக்கிறதோ அதுவே நமக்கும் வேண்டும் என்கிறோம்.

சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணாக்கரை, தத்தம் வாழ்க்கையின் நோக்கம் யாது என்று ஒரு கட்டுரை எழுதப் பணித்தோம். பாதிப் பேர் வைத்தியராக விரும்பினர். மற்றவருள் பெரும்பாலோருக்கு நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் உத்தியோகம் வேண்டியிருந்தது. (1956-ல் அந்நிறுவனம் தோன்றியது முதல் இவ்வட்டாரத்துத் தகப்பன்மார் காணும் கனவு அது, அதை நாம் குறை கூறவில்லை.) ஒரு பையன் மட்டும் வெறுந்தாளைக் கொடுத்தான். காரணம் கேட்டதற்கு, "நாளைக்கு அப்பாவைக் கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன், ஐயா" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. மற்றவர்கள் முன்னமே கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒருவருடைய சரித்திரம் நம் வடலூரிலேயே இருக்கிறது. அன்றாடம் அதைக் கடந்து போகிறோமாதலால் ஊன்றிப் பார்ப்பதில்லை.

இராமலிங்க ஸ்வாமிகள் 1823-ஆம் ஆண்டில் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, சென்னையில் தமையனாரிடம் வளர்ந்தார். தமையனார் புராணப் பிரசங்கம் செய்து குடும்பம் காத்தவர். தம்பியும் படித்துப் பிழைக்கும் வழியைத் தேடவேண்டும் என்று விரும்பினார். தம்பியோ அறையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்முன் தியானத்தில் அமர்ந்தார். பிறகு சுற்றத்தார் வற்புறுத்தித் திருமணமும் செய்துவைத்தனர். அவர் மனம் இல்லறத்தில் பற்றவில்லை. பாடலும் பிரசங்கமும் அவருக்குப் புலவர் என்ற பெயரையும் மாணாக்கரையும் தேடித் தந்தன. வேறொருவராயின், வந்த கீர்த்தியே தாம் வேண்டியது என்று எண்ணிச் சென்னையிலேயே தங்கியிருப்பார். அவர் அந்நகரை விட்டு நீங்கி, கருங்குழிக்கு வந்து சேர்ந்தார்.

1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி, ஊரார் கொடுத்த சுமார் 80 காணி நிலத்தில், வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. அப்பொழுது ஸ்வாமிகளுக்கு நடந்தது நாற்பத்து நான்காவது பிராயம். நாற்பதைத் தாண்டியாயிற்றே, இனி என்ன என்று பெருமூச்சு விடும் நம்போன்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

அவர் வேண்டியது அருட்பெருஞ்ஜோதி என்பர் அன்பர்கள். மெய்தான். ஆனால் அந்த ஜோதிக்குரிய சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, தைப்பூசத்தன்று. அதாவது, விளக்கேற்றுவதற்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் முன்னதாகவே அவர் அடுப்பு மூட்டிவிட்டார். நீரின்றிக் காய்ந்த பயிரைக் கண்டு தாமும் துவண்டதாகப் பாடியவர் அவர். பசித்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு தியானத்தில் அமர அவரால் இயலவில்லை. எது கிடைத்தால் மகிழ்வோம் என்றே நாம் நம்மைக் கேட்டுக்கொள்கிறோம். எதைக் கண்டால் நமக்குப் பொறுக்கவில்லை என்று கேட்பதில்லை.

கடலூர் அஞ்சலையம்மாளை எண்ணிப் பாருங்கள். 1857-ஆம் ஆண்டுப் போரில் நம் மக்களைக் கொன்று குவித்த நீல் என்பவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை நின்றது. எத்தனையோ பேர் அதன் நிழலிலேயே போய்வந்தார்கள். அந்த அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. 1927-ல் சிறு பெண்ணாயிருந்த தம் மகளுடன் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை சென்றார். சிறை செல்வது யாருக்கும் ஆசையாக இருக்க முடியாது. அவர் வேண்டியதற்கு வழி அதுவாக இருந்தது.

அண்டை வீட்டான் மாடி கட்டுவதும் பொறுக்க முடியாததுதானே, பொறாமை என்ற சொல்லுக்கே அதுதானே பொருள் என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மால் பொறுக்க முடியாதது பிறருடைய துன்பமா, பிறருடைய இன்பமா என்று அவரவரே நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்தச் சோதனையில் நம் விருப்பங்களிற் பல தேறமாட்டா.

இன்னொன்றும் உண்டு. 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி உபதேசித்தபோது, முற்காலத்தில் தமக்குச் சைவ சமயத்தில் இருந்த பற்று அளவிட முடியாதது என்றும், அது இப்பொழுது போய்விட்டது என்றும் ஸ்வாமிகள் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பற்றில் ஊறிப் பாடிய பாடல்களை ஓதிக்கொண்டிருந்த அன்பர்களின் முன்னிலையில் சொன்னார்! நாமோ, இருபது வயதில் வேண்டியதை ஐம்பதிலும் வேண்டுவதாகக் காட்டிக்கொள்வதையே உறுதி என்கிறோம். பையன் ஒரு படிப்பை விட்டு வேறொன்றை விரும்பினால் வீடு இரண்டுபடுகிறது. அவன் மனம் சலித்து மாறுகிறானா, தெளிந்து மாறுகிறானா என்று பொறுமையாகக் கேட்கும் பெற்றோர் மிகச் சிலரே.

தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலகும்போது ஜோதியைக் காணக் கூட்டம் நெருக்கியடிக்கும். ராட்டினமும் வளையற்கடையும் சில நாட்களில் போய்விடும். மைதானம் வெறிச்சோடிக் கிடக்கும். தருமச்சாலையில் மட்டும், 1867-ல் மூட்டிய அடுப்பில் வழக்கம்போல உலை கொதித்துக்கொண்டிருக்கும். இலை முன் அமர்கிறவரிடம் சாதியும் சமயமும் கேட்பதில்லை.