குழி தோண்டுறதுக்கு முன்னாடியே காசு!

அரசும் மக்களும் சேர்ந்து உக்காந்து பேசி முடிவெடுக்கறதுக்குப் பேராசிரியர்கள் வச்ச பேரு 'கூட்டு ஆளுகை'. ஆன்செல், காஷ்னு ரெண்டு பேர் 2008-ல 137 ஊர்க்கதைகளை அலசிட்டு சொன்னது: நேருக்கு நேர் பேச்சும் நம்பிக்கையும் இல்லாம இது தேறாது.

"நம்ம ஊர்ல நடக்கற காரியமா இது?"ன்னு கேக்கறீங்களா? தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி பரங்கிமலையில இறங்குங்க. அந்த ஆலந்தூர்லதான் 1990-களின் கடைசியில, நகராட்சித் தலைவரா இருந்த ஆர்.எஸ்.பாரதி பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் கேட்டார். அதுவும் குழாய் பதிக்கறதுக்கு முன்னாடியே! குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, வீடு வீடாப் போய்ப் பேசினாங்க. ஜனங்க கட்டினாங்க. 2000-ல வேலை ஆரம்பிச்சுது.

தாம்பரம் 2021-ல மாநகராட்சி ஆச்சு. 2022 நவம்பர் 1-ம் தேதி பம்மல்ல ஏரியா சபை கூடினப்ப முதல்வரே வந்து உக்காந்தார். பேச இடம் கிடைச்சாச்சு. எங்க தெருவுல மட்டும் இன்னும் செப்டிக் டேங்க் லாரிதான். அந்த வாடையிலதான் இதை டைப் பண்றேன்.

"இப்ப வந்து கேட்டா நீ குடுப்பியா?"ன்னார் பக்கத்து வீட்டு மாமா. குடுப்பேன் மாமா. வாசலுக்கு வந்து கேக்கணும், மாசாமாசம் கணக்குக் காட்டணும்.

நீங்க குடுப்பீங்களா மக்களே?